அஞ்சல் நிலையத்திற்கு ஒரு பெயர்



சென்ற பருவத்தில் எங்கள் உயர்நிலை வகுப்பில் "பெயர்ச்சொல்" என்னும் பாடம் நடந்துகொண்டிருந்தது. பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர் என்று வரிசையாகச் சொல்லி வரும்பொழுது, இடங்களுக்கு மனிதர்களின் பெயர் வைக்கப்படுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நாம் வாழும் இந்த அமெரிக்க நாட்டில் அஞ்சல் நிலையங்களுக்கு மனிதர்களின் பெயரைச் சூட்டுவதற்கு நாடாளுமன்றமே சட்டம் இயற்றுகிறது என்று நான் கூறினேன். மாணவர்கள் வியப்படைந்தனர். அவர்களுள் ஒருவன் எழுந்து, "ஐயா, பெயர் வைத்தபின் ஊரின் முகவரி மாறுமா?" என்று கேட்டான். மாறாது என்றேன். "ஜிப் எண்?" அதுவும் மாறாது என்றேன். "அப்படியானால் அந்தப் பெயரால் என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தான்.

அன்று மணி அடித்துவிட்டமையால் விடை கூற இயலவில்லை. அவன் கேட்டது எளிய கேள்வி போலத் தோன்றினும், எண்ணிப் பார்க்குந்தோறும் ஆழமானதாகவே எனக்குப் பட்டது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. பெயர் சூட்டப்படும் முறை

அமெரிக்க அஞ்சல் துறை தானாக ஓர் அஞ்சல் நிலையக் கட்டடத்திற்கு ஒருவருடைய நினைவாகப் பெயர் வைப்பதில்லை. அதற்குக் காங்கிரஸ் சட்டம் இயற்றுதல் வேண்டும். ஒரு தொகுதியின் பிரதிநிதி முதலில் மசோதாவைக் கொண்டுவருகிறார். பெயருக்கு உரியவர் யார், கட்டடம் எந்தத் தெருவில் எந்த எண்ணில் உள்ளது என்பன அதில் குறிக்கப்படுகின்றன. அந்த மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் அனைவரும், எக்கட்சியினராயினும், அம்மசோதாவில் உடன் கையொப்பமிட வேண்டும் என்பது பிரதிநிதிகள் சபையின் குழுவில் நெடுநாளாக உள்ள வழக்கம். பின்னர் மசோதா சபையில் நிறைவேறிச் செனட் சபைக்குச் செல்கிறது. அங்கும் நிறைவேறிய பின் குடியரசுத் தலைவரின் கையொப்பத்தைப் பெற்றுச் சட்டமாகிறது. ஆகவே, போர் தொடுப்பதற்கும் வரி விதிப்பதற்கும் அதிகாரம் பெற்ற அதே மன்றங்கள்தாம், ஒரு சிற்றூரின் அஞ்சல் நிலையத்துக்குப் பெயர் வைப்பதற்கும் கூடுகின்றன.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை வைக்கலாமா என்ற ஐயம் எழலாம். செனட் சபையின் குழு அதற்கு ஒரு விதியை வகுத்துள்ளது. பொதுவாக உயிரோடு இருப்பவர்களின் பெயரை அக்குழு ஏற்பதில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர்கள், துணைத் தலைவர்கள், எழுபது வயதைக் கடந்த முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்கள், அவ்வயதைக் கடந்த முன்னாள் நீதிபதிகள், போரில் காயமுற்ற வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு. வாழ்பவரைப் புகழ்வதில் அவசரம் கூடாது என்பதே இவ்விதியின் உட்கருத்து எனலாம்.

இவ்வகைச் சட்டங்கள் மிகப் பலவாகும். அண்மைக் காலக் காங்கிரஸ்கள் சிலவற்றில், நிறைவேறிய சட்டங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அஞ்சல் நிலையங்களுக்குப் பெயர் சூட்டும் சட்டங்களாகவே இருந்திருக்கின்றன. "நாட்டுக்கு எத்தனையோ பெரிய வேலைகள் இருக்க, இதற்கு இத்தனை சட்டங்களா?" என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடுவதுண்டு. அந்த நகையாடலில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் இம்மசோதாக்கள் பெரும்பாலும் எதிர்ப்பின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகின்றன. மற்றெல்லாவற்றிலும் மாறுபட்டு நிற்கும் இரு கட்சியினரும் ஒன்றாகக் கையுயர்த்தும் சில தருணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

2. எது மாறும்? எது மாறாது?

இனி, மாணவனின் கேள்விக்கு நேராக வருவோம்.

சட்டம் நிறைவேறியபின் அந்த ஊரின் பெயர் மாறுவதில்லை. தெருப் பெயர் மாறுவதில்லை. ஜிப் எண் மாறுவதில்லை. கடிதத்தின் உறையில் நாம் எழுதும் முகவரியில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. கடிதம் ஒரு நாள் முன்னதாக வந்து சேரப்போவதும் இல்லை.

மாறுவன மூன்று. முதலாவது, அரசாங்கத்தின் சட்டங்கள், வரைபடங்கள், ஆவணங்கள் ஆகியவற்றில் அக்கட்டடம் எங்குக் குறிக்கப்பட்டிருப்பினும், அது புதிய பெயரையே குறிப்பதாகக் கொள்ளப்படும் என்று சட்டம் கூறுகிறது. இரண்டாவது, கட்டடத்தினுள், மக்கள் வரிசையில் நிற்கும் முன்கூடத்தில், ஒரு நினைவுப் பலகை பொருத்தப்படுகிறது. மூன்றாவது, அப்பலகையைத் திறந்துவைக்கும் நாளில் ஊர் மக்கள் கூடுகின்றனர். குடும்பத்தினர், பள்ளிப் பிள்ளைகள், முன்னாள் போர் வீரர்கள், பிரதிநிதி, அஞ்சல் ஊழியர்கள் ஆகிய அனைவரும் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரு மனிதரின் கதையைக் கேட்கின்றனர்.

செலவும் மிகச் சிறிது. ஒரு பலகையும் ஒரு சிறு விழாவும் தவிர வேறு பெரிய செலவு இல்லை. எனவே பொருளாதார நோக்கில் மட்டும் பார்ப்பின், "ஒன்றும் மாறவில்லை" என்று கூறிவிடலாம். ஆனால் பெயர் என்பது பொருளாதாரப் பொருள் அன்று. இதனை மூன்று உண்மைக் கதைகளால் விளக்க விரும்புகிறேன்.

3. டெமெக்குலா: நிலம் வாங்க முடியாதவரின் பெயர்

கலிபோர்னியா மாநிலத்தின் ரிவர்சைடு கவுண்ட்டியில் டெமெக்குலா என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஓர் அஞ்சல் நிலையத்திற்கு 2005ஆம் ஆண்டின் சட்டத்தால் "தலிப் சிங் சௌந்த்" என்னும் பெயர் சூட்டப்பட்டது.

சௌந்த் 1899இல் பஞ்சாபில் பிறந்தவர். 1920இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் 1924இல் முனைவர் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் பெற்ற அவர் பின்னர் என்ன செய்தார் தெரியுமா? இம்பீரியல் பள்ளத்தாக்கில் வேளாண்மை செய்தார். அக்காலத்தில் இந்தியர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர் கலிபோர்னியாவில் தம் பெயரில் நிலம் வாங்கவும் இயலாது.

சௌந்த் மனம் தளரவில்லை. இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வேண்டும் என்று பிறரோடு சேர்ந்து பாடுபட்டார். 1946இல் அச்சட்டம் நிறைவேறியது. 1949இல் அவர் குடிமகனானார். 1950இல் வெஸ்ட்மோர்லண்டு என்னும் சிற்றூரில் நீதிபதிப் பதவிக்கு நின்று வென்றார். ஆனால் குடிமகனாகி ஓராண்டு நிறைவடையாத நிலையில் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கூறி அப்பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1952இல் மீண்டும் நின்றார், மீண்டும் வென்றார், பதவியிலும் அமர்ந்தார். 1956இல் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரனைத் தேர்தலில் தோற்கடித்துப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய நாட்டு வழிவந்தவர்களுள் அமெரிக்கக் காங்கிரசில் வாக்குரிமையுடன் அமர்ந்த முதல்வர் அவரே. மும்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1962இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 1973இல் காலமானார்.

தம் பெயரில் ஒரு காணி நிலம் எழுதிக்கொள்ள அனுமதிக்கப்படாதவர் அவர். அதே மாநிலத்தில், அரசாங்கத்தின் ஒரு கட்டடமே இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. முகவரி மாறவில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறதன்றோ?

4. ஹூஸ்டன்: முழுப் பெயரும் எழுதப்பட்ட கட்டடம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹாரிஸ் கவுண்ட்டியில் ஷெரிப் அலுவலகத் துணை அதிகாரியாகப் பணிபுரிந்தவர் சந்தீப் சிங் தலிவால். சீருடையுடன் தலைப்பாகையும் தாடியும் வைத்துக்கொள்வதற்கு 2015இல் அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது. அவருடைய அலுவலகத்தில் அவ்வாறு பணியாற்றிய முதல் சீக்கியர் அவரே. 2017இல் ஹார்வி புயலால் ஹூஸ்டன் வெள்ளத்தில் மூழ்கியபோது நிவாரணப் பொருள்களைத் திரட்டி உதவியவர் அவர். 2019 செப்டம்பர் 27ஆம் நாள், சாலையில் ஒரு வாகனத்தை நிறுத்திச் சோதித்துத் திரும்புகையில், பின்புறமிருந்து சுடப்பட்டு உயிர் நீத்தார். மூன்று பிள்ளைகளின் தந்தை. வயது நாற்பத்திரண்டு.

அவருடைய நினைவாக அடிக்ஸ் ஹவெல் சாலையிலுள்ள அஞ்சல் நிலையத்திற்குப் பெயர் சூட்டும் சட்டம் 2020 டிசம்பரில் கையொப்பமானது. 2021 அக்டோபரில் விழா நடந்தது. அவர் காவல் புரிந்த பகுதியிலேயே அந்நிலையம் அமைந்துள்ளது.

மாணவர்களே, இங்கு ஒன்றை உற்று நோக்குங்கள். அப்பலகையில் "சேண்டி" என்றோ "சான்" என்றோ எழுதப்படவில்லை. சந்தீப் சிங் தலிவால் என்று அவருடைய பெற்றோர் வைத்த பெயரே முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. பொதி அனுப்ப வரும் வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிகரும் வியட்நாமியரும் வரிசையில் நிற்கும்போது அதனைப் படிக்கின்றனர். ஒரு சீக்கியச் சிறுவன் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு வந்தால், தன் தலைப்பாகையை ஒத்த தலைப்பாகையை அணிந்த ஒருவர் இந்நாட்டைக் காக்க உயிர் கொடுத்தார் என்பதை அந்தச் சுவரே அவனுக்குச் சொல்லும். "நீ எந்த நாட்டவன்?" என்று பள்ளியில் யாரேனும் அவனைக் கேட்டால், அவனிடம் ஒரு விடை இருக்கும்.

5. இந்தியனோலா: பிந்தி வந்த நீதி

மூன்றாவது கதை இன்னும் பழமையானது. மிசிசிப்பி மாநிலத்தில் இந்தியனோலா என்னும் சிற்றூர் உண்டு. (பெயரைக் கண்டு நம் இந்தியாவோடு தொடர்புபடுத்த வேண்டா.) அவ்வூரின் அஞ்சல் நிலையத் தலைவராக 1891இல் மின்னி காக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி நியமிக்கப்பட்டார். அம்மாநிலத்தில் அப்பதவியை வகித்த முதல் கறுப்பினப் பெண் அவர். இடையில் ஆட்சி மாறியபோது பதவியை இழந்து, 1897இல் மீண்டும் நியமிக்கப்பட்டார். மக்கள் கடிதம் வந்துள்ளதா என்று தொலைபேசியில் கேட்டறிவதற்காகத் தம் சொந்தச் செலவில் நிலையத்தில் தொலைபேசி வைத்தார். அஞ்சல் பெட்டிக்கு வாடகை கட்ட இயலாதவர்களுக்காகத் தம் கைப்பணத்தையே கட்டினார்.

இத்தனை செய்தும், 1902இல் அவ்வூர் வெள்ளையர் சிலர் அவர் பதவி விலக வேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர். மிரட்டல்கள் எழுந்தன. அவர் விலகல் கடிதம் அளித்தார். ஆனால் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அதனை ஏற்க மறுத்தார். மின்னி காக்ஸ் பணியாற்ற முடியாத அஞ்சல் நிலையம் யாருக்கும் தேவையில்லை என்று கருதி, 1903 ஜனவரியில் அந்நிலையத்தையே மூடச் செய்தார். ஊராரின் கடிதங்கள் சுமார் 30 மைல் தொலைவிலுள்ள கிரீன்வில் நகருக்குத் திருப்பிவிடப்பட்டன. காக்ஸ் அம்மையாருக்குச் சம்பளம் தொடர்ந்து வழங்கப்பட்டது. எனினும் உயிருக்கு அஞ்சி அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1904இல் நிலையம் வேறொரு தலைவரின் கீழ் மீண்டும் திறக்கப்பட்டது. காக்ஸ் தம்பதியர் அதன்பின் ஊர் திரும்பிக் கறுப்பின மக்களுக்காக ஒரு சேமிப்பு வங்கியை நிறுவினர் என்பது அவர்களுடைய மன உறுதிக்குச் சான்றாகும்.

நூறாண்டுக்குமேல் கடந்தபின், 2007-2008 ஆண்டுகளில் கூடிய 110ஆவது காங்கிரஸ், இந்தியனோலா அஞ்சல் நிலையத்திற்கு "மின்னி காக்ஸ் அஞ்சல் நிலையக் கட்டடம்" எனப் பெயர் சூட்டியது. எந்த ஊரின் அஞ்சல் நிலையத்திலிருந்து ஒரு பெண்மணி விரட்டப்பட்டாரோ, அந்த ஊரின் அஞ்சல் நிலையமே அவர் பெயரைப் பெற்றது. அவர் 1933இலேயே மறைந்துவிட்டார், அதனைக் காண அவர் இல்லை. பிந்தி வந்த நீதி முழு நீதி ஆகாது. ஆயினும், நடந்ததை மறைக்காமல் சுவரில் எழுதிவைப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் நேர்மையாகும்.

6. பெயரால் எழும் பூசல்கள்

பெயர் வைத்தல் எப்போதும் இனிதே முடிவதில்லை. 2005இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், பல்லாண்டுகள் நகர மன்ற உறுப்பினராக இருந்த மொடெல் ஷிரெக் என்னும் முதிய கறுப்பினப் பெண்மணியின் பெயரை அஞ்சல் நிலையத்திற்கு வைக்க ஒரு மசோதா வந்தது. அவருடைய இடதுசாரிச் சார்பைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தது. ஆதரவு 190, எதிர்ப்பு 215 என்று வாக்குகள் விழ, மசோதா தோற்றது. ஆனால் ஊர் மக்கள் சோர்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் பெர்க்லி நகரம் தன் பழைய நகர மண்டபத்திற்கு அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

2016 மார்ச்சில், வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகர அஞ்சல் நிலையத்திற்குக் கவிஞர் மாயா ஆஞ்சலோவின் பெயரை வைக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 371 பேர் ஆதரித்தனர். ஒன்பது பேர் எதிர்த்தனர். மசோதா நிறைவேறியது என்றாலும், வழக்கமாக ஒருவரும் எதிர்க்காத ஒன்றில் ஒன்பது எதிர் வாக்குகள் விழுந்தமையால் அதுவே பெருஞ்செய்தியாயிற்று. பெயருக்கு வலிமை இல்லை எனில் அதனை எதிர்க்க ஒருவரும் முன்வரமாட்டார் அல்லவா?

இதனைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த பெற்றோர் நன்கு அறிவர். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மாவட்டங்களும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தலைவர்களின் பெயரால் வழங்கின. 1997இல் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதன் விளைவாக அரசாங்கம் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆயிற்று, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆயிற்று. தலைவர்களைச் சாதிச் சொத்தாகக் கருதியதால் எல்லோரும் எல்லாப் பெயர்களையும் இழக்க நேர்ந்தது. பெயர் மக்களைச் சேர்க்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. அதனை எந்த மனத்துடன் ஏந்துகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு வேற்றுமையையும் குறிப்பிடல் வேண்டும். இந்தியாவில் அஞ்சல் நிலையத்தின் பெயர் முகவரியின் ஓர் உறுப்பாகும். சென்னையின் மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனபின், அங்குள்ள தலைமை அஞ்சல் நிலையமும் அண்ணாவின் பெயரைப் பெற்றது. அதனால் 600002 என்ற எண்ணுக்குக் கடிதம் எழுதுவோர் அப்பெயரை நாள்தோறும் எழுதுகின்றனர். ஆயினும் பேச்சு வழக்கில் "மவுண்ட் ரோடு" என்று சொல்வோர் இன்றும் உளர். அமெரிக்காவிலோ பெயர் முகவரியில் ஏறுவதில்லை, பலகையில் மட்டும் நிற்கிறது. முன்னதில் பெயர் கையால் எழுதப்பட்டும் வாயால் மறக்கப்படலாம். பின்னதில் எழுதப்படாத பெயரை நினைவால் மட்டுமே காக்கலாம்.

7. பலகை பேசுமா?

இங்குதான் மாணவனின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று கருதுகிறேன். பலகை தானாகப் பேசாது. நூற்றுக்கணக்கான அஞ்சல் நிலையங்களில் இத்தகைய பலகைகள் உள்ளன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் உயிர் துறந்த இளம் வீரர்களின் பெயர்கள் அவற்றுள் மிகுதி. நாம் தபால்தலை வாங்கச் செல்கிறோம், வரிசை நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம், பலகையை நிமிர்ந்து பார்க்காமலே திரும்பிவிடுகிறோம். அப்படிப்பட்ட நமக்கு அப்பெயரால் பயன் ஒன்றுமில்லை. ஒருவர் நின்று படித்து, "இவர் யார்?" என்று கேட்டு, இன்னொருவர் அதற்கு விடை சொல்லும்போதுதான் அப்பெயர் உயிர் பெறுகிறது. சட்டத்தால் பெயரைச் சுவரில் எழுத இயலும். அதனை நெஞ்சில் எழுதுவது கேட்பவரும் சொல்பவருமே.

ஆகவே, "அந்தப் பெயரால் என்ன பயன்?" என்று கேட்ட மாணவனுக்கு நான் கூறும் விடை: "நீ கேட்டாயே, அதுவே பயன்."

8. நம் பெயர்கள்

முடிப்பதற்கு முன் பெற்றோர்க்கு ஒரு சொல். இதனை அறிவுரையாகக் கூறவில்லை, என் குறையை ஒப்புக்கொள்ளும் முறையில் கூறுகிறேன்.

இந்நாட்டிற்கு வந்த புதிதில், முதல் வேலையில், என் பெயரைச் சொல்ல உடன் பணியாற்றியோர் இடர்ப்பட்டனர். மூன்றாம் நாளே, "இரண்டு எழுத்தில் கூப்பிடுங்கள், போதும்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் தாத்தாவின் பெயர் அது. அதனை நானே வெட்டிக் கொடுத்தேன். பல ஆண்டுகள் கழித்து, தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் ஒரு சிறுவன் தன் பெயரை எழுதும்போது, அழகிய ஐந்தெழுத்துத் தமிழ்ப் பெயரை விட்டுவிட்டுப் பள்ளியில் அழைக்கப்படும் குறுக்கத்தை மட்டும் எழுதியதைக் கண்டேன். "முழுப் பெயரை எழுதலாமே" என்றேன். "அது வீட்டுப் பெயர் ஐயா, வெளியில் சொல்ல வராது" என்றான். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு என் முதல் வேலையின் மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

சந்தீப் சிங் தலிவால் என்னும் பெயரை நாட்டின் சட்டப் புத்தகம் முழுமையாக எழுதிக்கொண்டிருக்கிறது. தலிப் சிங் சௌந்த் என்னும் பெயரை ஓர் அஞ்சல் நிலையம் தாங்கி நிற்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் முயன்று உச்சரிக்கக் கற்றுக்கொண்ட பெயர்களைப் போன்றவையே நம் பிள்ளைகளின் பெயர்களும். அவற்றை நாமே முதலில் முழுமையாக உச்சரிப்போம். பிள்ளைக்கு அப்பெயரை ஏன் வைத்தோம், அது யாருடைய பெயர், அதன் பொருள் என்ன என்பவற்றை ஒரு மாலை நேரத்தில் அமர்ந்து சொல்வோம். கதை தெரியாத பெயரைப் பிள்ளை சுமையாகக் கருதும். கதை தெரிந்த பெயரை அது விரும்பித் தாங்கும்.

எல்லோருடைய பெயரும் கட்டடத்தில் ஏறப்போவதில்லை. ஏற வேண்டும் என்ற தேவையும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பலகையைத் தாங்கியே நடமாடுகிறது. அதில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கக் கற்றுத்தருவதே தமிழ்ப் பள்ளியின் பணி.

மாணவர்களுக்கான பயிற்சி

அ. அருஞ்சொற்பொருள் அறிக:
மசோதா - சட்டமாவதற்கு முன் மன்றத்தில் வைக்கப்படும் வரைவு
பிரதிநிதி - மக்களின் சார்பில் மன்றத்தில் அமர்பவர்
குடியுரிமை - ஒரு நாட்டின் குடிமக்களுக்கு உரிய உரிமை
நிவாரணம் - துன்பத்தைப் போக்கும் உதவி
காணி - சிறு நில அளவு, உரிமை நிலம்

ஆ. விடை எழுதுக:
1. அஞ்சல் நிலையத்திற்குப் பெயர் சூட்டப்பட்டபின் மாறாதவை எவை? மாறுபவை எவை?
2. தலிப் சிங் சௌந்த் 1950இல் வென்றும் பதவியில் அமர இயலாமைக்குக் காரணம் யாது?
3. இந்தியனோலா அஞ்சல் நிலையத்தைக் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் மூடியது சரியா? அதனால் ஊரார் அனைவரும் இடர்ப்பட்டனரே. உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. "பெயர் மக்களைச் சேர்க்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது." கட்டுரையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

இ. செய்து பார்க்க:
1. உங்கள் ஊர் அஞ்சல் நிலையத்திற்குப் பெற்றோருடன் சென்று, முன்கூடத்தில் நினைவுப் பலகை உள்ளதா என்று பாருங்கள். இருப்பின், அப்பெயருக்கு உரியவரைப் பற்றிப் பத்து வரிகள் தமிழில் எழுதி வாருங்கள். இல்லையெனில், யாருடைய பெயரை வைக்கலாம் என்று எண்ணுகிறீர்களோ, அவரைப் பற்றி எழுதுங்கள்.
2. உங்கள் பெயரின் கதையைத் தாய், தந்தை, தாத்தா, பாட்டி ஆகியோரிடம் கேட்டறிந்து, உங்கள் முழுப் பெயரையும் தலைப்பாக இட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!